முத்தம்மா வைத்த ஒரு பிடி ராகி

அந்த டிசம்பர் மாதம் நான் ஓடு கழுவிக்கொண்டிருந்தேன். கூரை ஓடு இல்லை. பூமிக்குள்ளிருந்து எடுத்த பழங்காலத்துச் சட்டி பானைகளின் உடைந்த சில்லுகள். ஏரியிலிருந்து கொண்டுவந்து தகரத் தொட்டியில் ஊற்றிய தண்ணீர் காலையில் விரலைக் கடிக்கும். என் கையெல்லாம் வெடிப்பு. சில நாள் ரத்தம் கசியும். யாரிடமும் சொல்லவில்லை. வேலை கிடைத்ததே மாதாவின் கிருபை என்று ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுத் தொட்டியில் கையை விடுவேன்.

ஒரு நாள் காலையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மறுநாளும் அப்படியே. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவும்போதுதான் அடியில் இரண்டு கருங்கல் துண்டுகள் உருண்டன. புகை பிடித்துக் கறுத்திருந்தன. லாரியை விட்டு இறங்கியதும் முத்தம்மா தேநீர் அடுப்புப் பக்கம் போய்வருவது எதற்கு என்று அப்போது தெரிந்தது. நெருப்பில் கல்லைச் சுட்டு, இரண்டு குச்சியால் எடுத்து, நான் வருமுன் தொட்டியில் போட்டுவிட்டு மண் சுமக்கப் போயிருக்கிறாள். கேட்டால், "எனக்கு இன்னா தெரியும் மேரிக்கா"என்று நகர்ந்துவிட்டாள்.

பக்கத்தில் சல்லடை சலித்துக்கொண்டிருந்த ஃபாத்திமாதான் சிரித்தாள். "அரே, அந்தக் கல்ல ஒளிச்சு வையுங்கக்கா. தோண்டற ஆபீசர் சார் பாத்தா அதுக்கும் நம்பர் போட்டுடுவார். பழைய காலத்து ராணி வெந்நீர் போட்ட கல்லுன்னு."

அன்று எல்லோரும் சிரித்தோம்.

முத்தம்மா பெங்களூர் ஜீவனஹள்ளிக்காரி. அவள் அப்பா காலத்தில் வடாற்காட்டிலிருந்து வந்தவர்கள். புருஷன் பச்சைமுத்து கைவண்டி இழுப்பவன். அந்த வருஷம் தோள் பிசகி வீட்டோடு கிடந்தான். முத்தம்மாவுக்கு வாட்டசாட்டமான உடம்பு, சின்னக் குரல். இரண்டு குழந்தை பெற்றாள். முதலாவது பிறந்து அழவே இல்லை. இரண்டாவது பெண். கீழே இரண்டு பல் முளைத்த நேரத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டது. இரண்டையும் கல்பள்ளி மயானத்தில் புதைத்திருந்தார்கள். அவள் அந்த வழியாக நடக்க மாட்டாள். சுற்றிக்கொண்டுதான் போவாள்.

நாங்கள் வேலை செய்த இடம் ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி தாண்டி, ஒரு ஏரிக்குப் பின்னால் இருந்த மேடு. பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வட்டம் வட்டமாகப் பாதி மண்ணுக்குள் கிடக்கும். அந்த ஊர்க்காரர்கள் பாண்டவர மனெ என்பார்கள். பாண்டவர்கள் ஒளிந்திருந்த வீடாம். ஆடு மேய்ப்பவன்கூட வட்டத்துக்குள் கால் வைக்க மாட்டான். அங்கே கடப்பாரை போட்டால் போட்டவன் வீட்டில் ஒரு உயிர் குறையும் என்று சொன்னார்கள். ஊரில் ஒரு ஆளும் கூலிக்கு வரவில்லை. அதனால்தான் கோவிந்தப்பா மேஸ்திரி லாரி வைத்து எங்களை ஜீவனஹள்ளியிலிருந்தும் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கமிருந்தும் கூட்டிப்போனார்.

ஆள் எடுக்கும்போதே மேஸ்திரி சொல்லிவிட்டார். "இது சமாதி தோண்டுற கெலசம். முழுகாம இருக்கிறவங்க யாரும் வரக்கூடாது. அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா எல்லார் தலையிலும் விழும். இப்பவே சொல்லிடுங்க."

முத்தம்மா வாயைத் திறக்கவில்லை.

முதல் மண்வெட்டி விழுமுன் மேஸ்திரி தேங்காய் உடைத்து எலுமிச்சம்பழம் அறுத்தார். ஃபாத்திமா பிஸ்மில்லா என்றாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். முத்தம்மா கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை. வெகுநேரம் அப்படியே நின்றாள்.

தோண்ட வந்த அதிகாரி சீனிவாசராகவன் சார். மெலிந்த ஐயங்கார். தலையில் எப்போதும் ஒரு ஈரத் துண்டு. கோபித்துப் பேசி நான் கேட்டதில்லை. அவர் வேலை செய்யும் விதம் எங்களுக்குப் புதிது. கிணறு வெட்டுவதுபோல் வெட்ட விடமாட்டார். முளைக்குச்சி அடித்து நூல் கட்டி, தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு மண்சுவரை வெட்டாமல் விடுவார். அந்தச் சுவரைத்தான் தினமும் பார்த்துக்கொண்டு நிற்பார். சிவப்பு மண், அதற்குக் கீழே சாம்பல் நிறம், அதற்கும் கீழே சரளை.

"இது புஸ்தகம் மாதிரிம்மா. மேல் பக்கம் நேத்தைய கதை, கீழ்ப் பக்கம் பழைய கதை. பக்கத்தை மாத்திட்டேள்னா கதையே மாறிப்போயிடும்"என்பார். பானைச் சில்லு எங்கே கிடந்ததோ அதை அங்கேயே விட்டுச் சுற்றிச் சுரண்ட வேண்டும். அளந்து, படம் பிடித்த பிறகுதான் என் தொட்டிக்கு வரும்.

முத்தம்மா கருக்கின ராகி தின்பதை நான் பார்த்தது அங்கேதான். ராகியை வாணலியில் போட்டுக் கரியாகிற வரைக்கும் வறுத்து முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள். யாரும் பார்க்காதபோது நாலு மணியை வாயில் போட்டுக்கொள்வாள். அதன் வாசனைக்கே அவள் கண் சொருகும். ஐந்து பெற்ற அக்காவைக் கூட இருந்து பார்த்தவள் நான். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"எத்தினி மாசம்டி?"

அவள் பயந்துபோய் என் வாயைக் கையால் பொத்தினாள். "கத்தாதீங்கக்கா. அஞ்சு. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா தொரத்திடுவாரு. எங்க வூட்டுக்காரரு கை தூக்க முடியாம கெடக்கறாரு. நான் குழிக்குள்ள எறங்க மாட்டேன்கா. மேலேயே நின்னு கூடை வாங்குறேன். சாமி கண்ண மூடிக்கினு உட்டுடும்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் ஜெபமாலையில் ஒரு சுற்று அவளுக்காகவும் சொன்னேன்.

பொங்கல் கழிந்து ஒரு வட்டத்தின் நடுவில் மண் எடுத்துக்கொண்டே போனபோது ஒரு பெரிய பலகைக்கல் தட்டுப்பட்டது. மூடுகல் என்றார் சார். நான்கு பக்கமும் நிறுத்திய கற்பலகைகள், மேலே இந்த மூடி. கல்லால் செய்த பெட்டி போல. கிழக்குப் பலகையில் உருண்டையாக ஒரு துளை குடைந்திருந்தது. ஒரு சின்னக் குழந்தை நுழைகிற அளவு. அந்தத் துளைக்குள் இருட்டைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

"எதுக்கு சார் ஓட்டை?"என்று ஃபாத்திமா கேட்டாள்.

"நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா. ஆவி வந்து போறதுக்குன்னு சில பேர் சொல்றா. பின்னாலே செத்தவாளை அதே வீட்டுக்குள்ளே வைக்கிறதுக்குன்னு சில பேர். உள்ளே இருக்கிறவாளுக்குச் சாப்பாடு கொடுக்கறதுக்காகவும் இருக்கலாம். எழுதி வெச்சுட்டா போயிருக்கா? பொருளைப் பார்த்து நாமதான் யோசிக்கணும்."

மூன்று மரங்களை முக்காலிபோல் நட்டு, சங்கிலி கட்டி, மேஸ்திரி சீக்கிரம் இழுக்கச் சொல்லி "பேகா பேகா, எளி!" என்று கன்னடத்தில் கத்த, ஆண்கள் சேர்ந்து மூடுகல்லைத் தூக்கினார்கள். கல் நகர்ந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. பல வருஷம் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அது. குளிர்ந்த காற்று. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தோம். முத்தம்மா முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள்.

பெட்டிக்குள் பாதிக்கு மேல் மண் சரிந்து நிறைந்திருந்தது. சார் மட்டும் உள்ளே இறங்கி, சின்னக் கத்தியும் பிரஷும் வைத்துக்கொண்டு சுரண்டினார். மண்ணைக் கூடையில் அள்ளி மேலே கொடுக்க, விளிம்பில் நின்று வாங்கியவள் முத்தம்மா. மத்தியானம் போல அவர் கை நின்றது. எலும்பெல்லாம் உளுத்து மாவாகிப் போயிருந்ததாம். உள்ளங்கையில் எதையோ வைத்து எங்களுக்குக் காட்டினார். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது.

"பால் பல்லு. வேர் இன்னும் முழுசா வளரலை பாருங்கோ. ரெண்டு வயசு இருக்கும். குழந்தை."

"சார், பல்லப் பாத்தே வயசு சொல்றீங்க. என் மாமியா பல்லக் கொண்டாறேன், பாத்துச் சொல்லுங்க. அம்பதுதான்னு சாதிக்குது"என்றாள் ஃபாத்திமா.

சார் சிரித்தார். மேஸ்திரியும் சிரித்தார். முத்தம்மாவின் கையிலிருந்த கூடை நழுவி மண் கொட்டியது.

தலைமாட்டில் ஒரு கிண்ணம் இருந்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. மண் நிறைந்து, விரிசல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"வாய்க்குப் பக்கத்துலே வெச்சிருக்கா"என்றார் சார் மெதுவாக. "கூழோ, கஞ்சியோ. அம்மாக்காரி வெச்சிருப்பா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலே ஆயிருக்கும்."

"இப்ப அதுக்குள்ள இன்னா கீது சார்?" முத்தம்மா கேட்டாள். சாரிடம் அவள் பேசி அன்றுதான் நான் கேட்டேன்.

"இப்போ வெறும் மண்ணுதாம்மா."

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கிண்ணத்தைக் காலையில் எடுக்கலாம் என்று சார் கோணிச் சாக்கால் மூடச் சொன்னார். எல்லோரும் லாரியில் ஏறினோம். முத்தம்மா மட்டும், "என் சும்மாடு உட்டுட்டேன்"என்று திரும்பி ஓடினாள். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை. நகத்துக்குள் மண். முந்தானை முடிச்சு அவிழ்ந்து காலியாகத் தொங்கியதை நான் பார்த்தேன். தின்றுவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை சார் கிண்ணத்து மண்ணைக் கத்தி முனையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டிருந்தார். திடீரென்று, "யாரும் கிட்ட வராதீங்கோ! மூச்சு விடாதீங்கோ!"என்று கத்தினார். பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். பார்த்தார். மறுபடி பார்த்தார். அந்த மெலிந்த மனுஷர் குழியிலிருந்து சின்னப் பையன் மாதிரி தாவி ஏறி வந்தார்.

"ராகி! கோவிந்தப்பா, ராகி! கருகின ராகி! குழந்தைக்கு வெச்ச தானியம் அப்படியே இருக்கு!"

எங்கள் எல்லோருக்கும் சர்க்கரை கூடப் போட்டு டீ கொடுக்கச் சொன்னார். இந்தப் பக்கத்துக் கல்லறை எதிலும் இவ்வளவு பழைய ராகி கிடைத்ததாகத் தான் கேட்டதே இல்லை என்றார். அந்த ஜனங்கள் என்ன விதைத்தார்கள், என்ன தின்றார்கள், எல்லாம் இதிலிருந்து பேசலாமாம். ஒவ்வொரு மணியாக இடுக்கியால் எடுத்து, காலி சிகரெட் டப்பாவில் பஞ்சு பரப்பி வைத்தார். பரிசோதனைக்குப் பூனாவுக்கு அனுப்ப வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டே மூடியை மூடினார்.

முத்தம்மா டீ கிளாஸை அப்படியே தரையில் வைத்துவிட்டு என் தொட்டியருகே வந்து உட்கார்ந்தாள். கையைத் தண்ணீருக்குள் விட்டாள். ஓடு கழுவுவதுபோல் இருந்தது, ஆனால் கையில் ஓடு இல்லை.

"மேரிக்கா. அது என்னுது."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் யாராவது கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன்.

"ஏன்டி அப்படிப் பண்ணே?"

"பசியா இருக்குமேக்கா. கிண்ணத்துல வெறும் மண்ணுன்னு சொன்னாரு இல்ல? அது பாட்டுக்கு தூங்கினு இருந்திச்சி. நாம போயி வூட்டப் பிரிச்சி எழுப்பி உட்டோம். கண்ணத் தொறந்து மொதல்ல பாத்தது என்னத்தான். நான்தானே விளிம்புல நின்னேன், இதையும் வயித்துல வெச்சிகினு. பசிச்ச புள்ள சும்மா இருக்குமா? என் புள்ளயக் கேக்காதா? அதான் எங்கிட்ட இருந்ததப் போட்டேன். மண்ணைக் கௌறி உள்ள போட்டு மூடிட்டேன். தின்னுட்டு தூங்கும்மான்னு சொல்ட்டு வந்தேன்."

"சரி, சார்கிட்ட போய்ச் சொல்லிடு. நல்ல மனுஷரு."

"சொன்னா மேஸ்திரி இன்னிக்கே தொரத்துவாரு. சொல்லலன்னா அதைப் பூனாவுக்குத் தூக்கினு பூடுவாங்க. வாயில போட்டதப் புடுங்கறா மாதிரி இல்ல?" அவள் குரல் இன்னும் சின்னதாயிற்று. "காலையிலேர்ந்து அசையலக்கா."

"என்னடி அசையல?"

"வயித்துல. டீ குடிக்கறப்போ எப்பவும் ஒதைக்கும். இன்னிக்கி ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி கீது."

என் கையை எடுத்துச் சேலைக்கு மேலேயே வைத்தாள். நானும் காத்திருந்தேன். மாதாவே, மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. எங்கள் தலைக்கு மேலே சார் சந்தோஷமாக யாருக்கோ ராகியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் நின்றுபோனது. சார் கூடாரத்து நிழலில் அந்தக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்.

சார் கிண்ணத்தைக் காட்டினார். பாதி மண் இன்னும் உள்ளேயே இருந்தது. "இதோ கீழ் மண்ணைப் பாருங்கோ. மயிர் மாதிரி புல் வேர் பின்னிண்டு கிடக்கு. எத்தனையோ வருஷமா மெதுவா எறங்கின வேர். இந்த ராகி கிடந்த மேல் மண்ணுலே ஒரு வேர்கூட இல்லை. பொலபொலன்னு இருக்கு. வேரெல்லாம் இங்கே அறுந்திருக்கு, பச்சையா." அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துப் பேசினார். "காலையிலேயே பார்த்திருக்கணும். சந்தோஷத்துலே பார்க்கலை. இதை நேத்து யாரோ தொட்டிருக்கா."

மேஸ்திரி நேராக ஃபாத்திமாவிடம் போனார். "உன் கெலசம்தானே இது? எப்ப பாரு கேலி, தமாஷு. சாரை வெச்சு ஆட்டம் பாத்தியா?"

"அல்லா மேல ஆணை, நான் இல்ல மேஸ்திரி! பேசுற வாய் என்னுது, அதுக்காக?"

"நாளையிலேர்ந்து நீ லாரி ஏற வேணாம்."

ஃபாத்திமாவுக்கு வீட்டில் நாலு வாய். அவள் முகம் வெளுத்துப்போனது.

முத்தம்மா எழுந்தாள். நடக்கும்போது ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டே போனாள். இனி எதை மறைத்து என்ன என்பதுபோல.

"அவ இல்ல சார். நான்தான்."

"நீயா? எதுக்கு?"என்று சார் கேட்டார்.

என்னிடம் சொன்னதை எல்லாம் அவரிடமும் சொன்னாள். குழந்தை தின்னட்டும் என்று போட்டதை, தான் முழுகாமல் இருப்பதை, முன்னால் இரண்டு போனதை. அவள் சொல்லச் சொல்ல, சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருத்தராக அவளை விட்டு விலகினார்கள். அவளைச் சுற்றி வெறும் தரை பெரிதாகிக்கொண்டே போனது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. நான் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"வயித்துல வெச்சுக்கிட்டா சமாதிக்கு வந்தே? அய்யோ ராமா!" மேஸ்திரி இரண்டடி பின்னால் போனார். "எல்லார் வீட்லயும் புள்ளகுட்டி இருக்கு. எங்களையும் சேத்து இழுத்துட்டியே. சார், இவளை இப்பவே அனுப்பிடணும்."

சார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "காலையிலே நான் குதிச்சதைப் பார்த்திண்டிருந்தியே. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ? இதை நான் அனுப்பியிருந்தேன்னா என்ன ஆகியிருக்கும் தெரியுமோ? அந்தக் குழந்தையைப் பத்தி நான் ஊருக்கெல்லாம் ஒரு பொய்யைச் சொல்லியிருப்பேன். வாயில்லாத ஜீவன். அது வந்து இல்லேன்னு சொல்லுமா?"

முத்தம்மா அவர் காலில் விழப்போனாள். அவர் பதறி நகர்ந்தார்.

"வேலைய உட்டுத் தொரத்துங்க சார். அடிக்கக்கூட அடிங்க. அந்த ராகிய மட்டும் அங்கியே போட்டுடுங்க. எடுத்துக்கினு போவாதீங்க. காலையிலேர்ந்து என் புள்ள அசையல சார்."

அந்த வார்த்தையைக் கேட்டு மேஸ்திரிகூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இப்போ போட முடியாதும்மா"என்றார் சார். "குழியிலே இன்னும் வேலை பாக்கி இருக்கு. அடி வரைக்கும் போகணும். கிண்ணமும் பல்லும் மியூசியத்துக்குப் போகும். அது என் இஷ்டம் இல்லை." கொஞ்சம் யோசித்தார். "ஆனா குழியை அப்படியே திறந்து போட்டுட்டுப் போகமாட்டோம். மண்ணைத் தள்ளி மூடுவோம். மூடறதுக்கு முன்னே அடியிலே இந்த வருஷத்து நாணயம் ஒண்ணு போடறது எங்க வழக்கம். நூறு வருஷம் கழிச்சு எவனாவது தோண்டினா, இங்கே முன்னாடியே ஆள் வந்து போயிருக்கான்னு அவனுக்குத் தெரியணும். ஏமாறக்கூடாது. அந்த நாணயத்தோட உன் ராகியையும் வைக்கச் சொல்றேன். அது வரைக்கும் டப்பா என்கிட்டே இருக்கும். எங்கேயும் போகாது."

அவளைக் குழிப் பக்கம் விடக்கூடாது, மேரியோடு ஓடு கழுவட்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி ஃபாத்திமாவிடம், "நாளைக்கு நேரத்துக்கு வந்து சேரு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போனார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு.

அன்று சாயங்காலம் லாரியில் முத்தம்மா பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. நானும் ஃபாத்திமாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். மடிவாளம் தாண்டி ஒரு பெரிய பள்ளத்தில் லாரி தூக்கிப் போட்டது. முத்தம்மா "அக்கா!"என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். எங்கேயோ பட்டுவிட்டது என்று பயந்துபோனேன்.

"ஒதைச்சிச்சி."

"பெங்களூர் ரோடு அப்படித்தான்"என்றாள் ஃபாத்திமா. "வயித்துல இருக்கற புள்ளகூட முனிசிபாலிட்டிய ஒதைக்குது." சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள்.

ஆனால் முத்தம்மாவின் பயம் அதோடு போகவில்லை. ஓடு கழுவும்போதெல்லாம் அவள் கண் சாரின் கூடாரத்தில் இருக்கும். டப்பா மேஜை மேல் இருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் சார் நகரத்துக்குப் போனபோது அதைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போனார். மேஜை காலியாக இருப்பதைப் பார்த்து இவளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அவர் வந்து திறந்து காட்டும் வரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கருகின ராகியின் மேல் இருந்த ஆசை அவளை விட்டுப் போயே போய்விட்டது. அந்த வாசனை வந்தாலே ஓங்கரிப்பாள்.

தவக்காலம் தொடங்கிய பிறகு குழியை மூடினார்கள். முத்தம்மாவை மேட்டுக்கு வரவிடவில்லை. அவளும் வர மாட்டேன் என்றாள். தூரத்தில் ரோட்டோரம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குழிக்குள் இறங்க ஆண்கள் யாருக்கும் மனம் வரவில்லை. ராகி டப்பாவைத் தொடவே பயந்தார்கள். கடைசியில் சார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே இறங்கினார். பளபளவென்று ஒரு புது நயா பைசாவைப் போட்டார். பக்கத்தில் பஞ்சோடு அந்த ராகியை வைத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே குந்தி இருந்தார். மந்திரம் சொன்னாரா, சும்மா இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் மேலே நின்று பரலோக மந்திரம் சொன்னேன். ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கு அதைச் சொல்லலாமா என்று பிறகு பாதிரியாரைக் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஏறி வந்ததும் சார் ரோட்டைப் பார்த்து, "வெச்சாச்சும்மா!"என்று குரல் கொடுத்தார். முத்தம்மா திரும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

மே மாதம் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பையன். பிறந்ததும் அழுதான். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது ஃபாத்திமா எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். முத்தம்மா பிள்ளையின் முகத்தை எங்களுக்குக் காட்டவே யோசித்தாள். வீட்டுக்குப் போனதும், முன்னால் பிள்ளைகளைப் பறிகொடுத்த அவர்கள் ஜனம் செய்வதுபோல், அவனைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் குப்பன் என்று பெயர் வைத்தாள். யாரும் ஆசைப்படாத பெயராக இருக்க வேண்டுமாம். மேலே இருப்பவரும் சரி, கீழே இருப்பவரும் சரி.

கீழே இரண்டு பல் முளைத்த மாதம் அவள் தூங்கவே இல்லை என்று பச்சைமுத்து சொன்னான். இரண்டு வயது தாண்டும் வரைக்கும் பிள்ளையை மண்ணில் விடவில்லை. எப்போதாவது நழுவிப்போய் மண்ணைக் கிளறினால், பாம்பைக் கண்டதுபோல் ஓடிப்போய்த் தூக்கி, நகத்துக்குள் இருக்கும் அழுக்கைக்கூட ஈர்க்குச்சியால் எடுத்துவிடுவாள். குப்பன் மற்றப் பிள்ளைகள்போலத்தான் வளர்ந்தான். மூக்கொழுகி, முழங்கால் சிராய்த்து, பொய் சொல்லி. எனக்கு எதிரில் நின்று பல்லைக் காட்டிச் சிரிக்கும்போதெல்லாம் சாரின் உள்ளங்கையில் பார்த்தது ஞாபகம் வரும். உடனே அவன் தலையில் சிலுவை போட்டுவிடுவேன்.

குழியை மூடி ஒரு வருஷம் கழித்து நான் மியூசியத்துக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்குள் அந்தக் கிண்ணம் இருந்தது, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக, காலியாக. எழுத்துக் கூட்டிப் படித்தேன். குழந்தையின் கல்லறையில் கிடைத்தது என்று மட்டும் போட்டிருந்தது. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சார் தெரிந்ததை மட்டும்தான் எழுதியிருந்தார். முத்தம்மாவிடம் சொன்னேன். அவள் பார்க்கப் போகவில்லை.

பிறகு பச்சைமுத்துவின் தோள் தேறி, கோலார் தங்கவயலில் அவன் மாமன் மூலமாக வேலை கிடைத்தது. பூமிக்குள் இறங்குகிற வேலை. குப்பனுக்கு அப்போது ஆறு வயது. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வழியனுப்ப நானும் ஃபாத்திமாவும் போயிருந்தோம். முத்தம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பையனின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இஞ்சின் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"புருஷனைப் பூமிக்குள்ள அனுப்பறே, பயமா இல்லையாடி?"என்று ஃபாத்திமா கேட்டாள்.

"இருக்கு"என்றாள் முத்தம்மா.

கொடி அசைத்தார்கள். வண்டி நகர ஆரம்பித்தது. நான் கூடவே நடந்தேன். அப்போது அவள் சட்டென்று குனிந்து, பையன் காதில் விழாதபடி என் காதுக்கருகே சொன்னாள்:

"மேரிக்கா, அந்த மேட்டுப் பக்கம் எப்பனா போனீங்கன்னா கிட்ட போவாதீங்க. ரோட்டுலியே நில்லுங்க. நின்னுகினு, உன் தம்பி நல்லா கீறான், நீ தூங்கும்மான்னு சொல்ட்டு வந்துடுங்க. பேரு மட்டும் சொல்லாதீங்க."